சாத்திய கதவு

யுத்த காலம். அரியலூரில் ரயில் ஏறிய காக்கிச் சட்டைக்காரர், மழைக்காக நான் சாத்தி வைத்திருந்த ஜன்னலை உட்காருமுன்பே திறந்துவிட்டார். அவர் நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. சாரல் என் மடியை நனைத்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மழை அடிக்குதே, தெரியலையா?"

"நனைஞ்சா காஞ்சிடுங்க" என்றார்.

பிறகு நான் கேட்காமலே சொன்னார். கரண்ட் இல்லாத கல்யாண வீடுகளில் விளக்கெரிக்க, அவரும் தம்பியும் ஆயில் எஞ்சினும் டைனமோவும் கொண்டுபோவார்களாம்.

"பெரம்பலூர்ல விடியக்கால முகூர்த்தம். எஞ்சின் சத்தத்துல நாயனம் கேக்கலன்னு பொண்ணு வூட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க. கொல்லையில ஓடுனத நெல்லு ரூமுக்குள்ள வச்சு, தம்பியக் காவலுக்கு உக்கார வச்சு, நான்தாங்க கதவச் சாத்துனேன். தாலி கட்டி முடியிற வரைக்கும் வெளக்கு அணையவே இல்ல. போயித் தொறந்தா, தூங்குறாப்புல கெடந்தான். பொகை கொன்னுடுச்சு."

நான் நகர்ந்து ஜன்னலோரத்தை அவருக்கு விட்டேன்.

"கல்யாண வூட்டுல எங்க ரெண்டு பேருக்கும் வேட்டி எடுத்து வச்சிருந்தாங்க. அவனோடத அவன் மேலயே போத்துனேன்."

திருச்சி வரை அவர் முகத்தை மழைக்குக் கொடுத்து மூச்சை இழுத்துக்கொண்டே வந்தார். எவ்வளவு இழுத்தும் அவருக்குப் போதவில்லை.