ஜெனரேட்டரைக் கழற்றி விற்ற வண்டி

அந்த விளம்பரத் தாளில் இருந்த போட்டோவை எடுத்தது நான்தான். மாதேஸ்வரன் மலைக் கோயில் நுழைவு வளைவுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சரக்கு வண்டி. அதன் கதவில் கையை ஊன்றிக்கொண்டு எங்கள் டிரைவர் அண்ணா சிரிக்கிறார். அடியில் கன்னடத்தில் பெரிய எழுத்தில், ஒரே சார்ஜில் மைசூரிலிருந்து மலைக்குப் போய்த் திரும்பலாம் என்று போட்டிருந்தார்கள். பச்சைப் பொய். இத்தனைக்கும் வண்டி நல்ல வண்டி. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் எலக்ட்ரிக் வண்டி செய்யும் சின்னக் கம்பெனி அது. நான் அங்கே வயரிங் வேலை பார்த்தேன். அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூருக்கு வந்தவர். நான் பிறந்தது, டிப்ளமோ படித்தது எல்லாம் இங்கேதான். டிரைவர் அண்ணாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கொள்ளேகாலுக்குப் பக்கத்துக் கிராமம். மலைக்குப் போகும் தனியார் பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டியவர். என்னை ‘அம்மணி’ என்றுதான் கூப்பிடுவார்.

பேட்டரியை மட்டும் நம்பினால் எங்கள் வண்டி சரக்கோடு மலையேறித் திரும்பாது. அதனால் சரக்குத் தட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டரைப் பொருத்தினோம். சக்கரத்தைச் சுற்றுவது எப்போதும் மோட்டார்தான். பேட்டரி கால்வாசிக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் தானாகவே ஓட ஆரம்பித்து மின்சாரம் கொடுக்கும். வழியில் சார்ஜ் போட இடம் தேடி அலைய வேண்டியதில்லை. அதைத் தாங்கும் சட்டத்தை எங்கே வைத்தால் அதிர்வு குறையும் என்று அண்ணாவும் நானும் ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பஸ்ஸின் பழைய ரப்பர் புஷ்ஷை வெட்டிப் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது அவர்தான். இன்ஜினியர்கள் சிரித்தார்கள். பிறகு அதையே வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

மலைக்குச் சோதனை ஓட்டம் போன அன்று தட்டு நிறைய மணல் மூட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வந்தேன்: பேட்டரி எவ்வளவு, வேகம் எவ்வளவு, ஜெனரேட்டர் ஓடுகிறதா இல்லையா. மலையடிவாரத்தில் தாளபெட்டாவில் நிறுத்தி அண்ணா கும்பிட்டார். இரண்டாவது வளைவிலேயே அடியிலிருந்து உறுமல் கேட்டது.

“பாத்தியா அம்மணி, சொல்லாமக் கொள்ளாம வந்து தோள் குடுக்குது” என்றார்.

மேலே போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில்தான் அந்தப் போட்டோவை எடுத்தேன். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் நானே அனுப்பியும் வைத்தேன்.

ஹனூரில் அண்ணாவின் தங்கை இருக்கிறாள். அவளும் புருஷனும் மலைமேல் இருக்கும் ஓட்டல்களுக்குக் காய்கறி போடுகிறார்கள். அண்ணா அவர்களிடம் அந்த வண்டியையும் ஜெனரேட்டரையும் பற்றிப் பேசாத நாளில்லை. “நானே ஓட்டிப் பாத்தனுங்க மாப்ள, கண்ண மூடிட்டு வாங்குங்க” என்று போனில் அவர் சொன்னதை நானே கேட்டேன். மாப்பிள்ளையும், அவரை நம்பி அதே ஊர்க்காரர் இன்னும் இரண்டு பேரும், மூன்று வண்டிக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்தார்கள்.

வண்டிகள் கிளம்பும் நாளில் அடியில் குனிந்து பார்த்தேன். சட்டம் இருந்தது, ரப்பர் இருந்தது. ஜெனரேட்டர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. முதலாளியிடம் கேட்டேன். அவர் கன்னடத்தில்தான் பேசுவார். “பெட்ரோல் இன்ஜின் இருந்தால் எலக்ட்ரிக் வண்டிக்கான பச்சை நம்பர் பலகை கிடைக்காதும்மா. அரசாங்கச் சலுகையும் கிடைக்காது. பிறகு மாட்டிக் கொடுப்போம். அவர்களுக்கும் தெரியும்” என்றார்.

அவர்களுக்குத் தெரியும் என்று நான் நம்பினேன். நம்பினேனா, நம்பினால் வேலை சுலபம் என்று விட்டுவிட்டேனா? இரண்டாவதுதான். அன்று அண்ணா லீவு. அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

சரியாக மூன்றாவது வாரம் அமாவாசை வந்தது. அமாவாசையன்று அந்த மலையில் எப்படிக் கூட்டம் இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தக்காளியும் கோசுமாக ஏற்றிக்கொண்டு காலை பத்து மணிக்குத் தங்கையும் புருஷனும் மலையேறியிருக்கிறார்கள். முதல் நடை நன்றாகவே போயிற்று. கீழே வந்து, சார்ஜ் போட நேரமில்லாமல், இரண்டாவது நடை சரக்கேற்றினார்கள். பேட்டரி குறைந்தால் என்ன, ஜெனரேட்டர் வந்துவிடும் என்று இருவரும் உறுமலுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அது வரவே இல்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றது. பின்னால் ஜனம் நிறைந்த பஸ். கைப்பிரேக் சுமையைத் தாங்காமல் வண்டி மெதுவாகப் பின்னோக்கி நகரத் தொடங்கியதும் தங்கை குதித்து இறங்கி, சக்கரத்துக்கு அண்டைக் கல் வைத்தாள். வண்டி நின்றது. கல்லுக்கும் டயருக்கும் நடுவே அவளுடைய இடது கையின் இரண்டு விரல்கள் மாட்டிக்கொண்டன.

போன் வந்தபோது நான் அண்ணாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். “ஜெனரேட்டர் ஓடலையா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஜெனரேட்டரை மாட்டவே இல்லை என்று நான் அப்போதுதான் சொன்னேன்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணா. அவங்களுக்கும் தெரியும்னு சார் சொன்னாரு. நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும்.”

அவர் என்னைத் திட்டவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“அளவுக்கு மேல் சுமை ஏற்றியிருப்பார்கள். மலையில் ஓட்டத் தெரிந்திருக்காது” என்றார் முதலாளி. மேஜை மேல் சோதனை அறிக்கையைத் தள்ளினார். “இதோ, உங்கள் ஓட்டம்தான். போய் வந்திருக்கிறதே.”

எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய எண்கள்தான். பேட்டரி, வேகம், சுமை, எல்லாம் அழகாக டைப் அடித்திருந்தது. ‘ஜெனரேட்டர்’ என்ற பத்தி மட்டும் இல்லை. கீழே என் பெயர் இருந்தது.

“சார், ஒரு பத்தி காணோம்.”

“நீ எலக்ட்ரீஷியன். அறிக்கை எழுதுவது உன் வேலை இல்லை.”

“அப்போ எதுக்கு சார் என் பேரு?”

அவர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். விரல் நசுங்கியவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றுகூடக் கேட்கவில்லை.

கையால் எழுதிய தாள்களை அன்று மாலையே இன்ஜினியர்களில் யாரோ அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் நான் தாளில் ஏற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் என் சொந்த நோட்டில் கிறுக்கிக்கொள்வேன். ஓடுகிற வண்டியில் கையெழுத்துக் கோணும் என்பதால் வந்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு அண்ணாவும் நானும் கொள்ளேகால் பஸ் ஏறி, அங்கிருந்து ஹனூர் போனோம். 

வாசலில் தங்கை கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.

“மச்சான், கம்பெனிக்காரன் மட்டும் வாங்கச் சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டனுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்குனேன்.”

“எனக்குத் தெரியாதுங்க மாப்ள. சத்தியமாத் தெரியாது.”

“உங்க போட்டோ போட்டிருக்குது. சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க.”

“அந்தப் போட்டோ நான் எடுத்தது. தப்பும் என் பேர்லதான் இருக்கு. அண்ணாவுக்கு நான் சொல்லல” என்றேன். என் தமிழ் அவர்களுக்கு மைசூர்த் தமிழாக, பாதிக் கன்னடமாகக் கேட்டிருக்கும். நோட்டை விரித்து, தாளபெட்டா தாண்டியதும் நான் எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். ‘ஜெனரேட்டர் ஆன்’. அதற்கடுத்த வரியிலும் ஆன். மேலே போய்ச் சேரும் வரை ஆன். மாப்பிள்ளை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு உள்ளே போய் மற்ற இரண்டு பேரையும் போனில் கூப்பிட்டார்.

மறுவாரம் மூன்று வண்டிகளும் எங்கள் கம்பெனி கேட்டுக்குக் குறுக்கே வரிசையாக நின்றன. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். என் நோட்டின் நகல் மாப்பிள்ளை கையில். மத்தியானம் வரை முதலாளி வெளியே வரவில்லை. உள்ளே வர வேண்டிய பேட்டரி லோடு ரோட்டிலேயே நின்ற பிறகுதான் வந்தார். வந்து, “இதை முன்பே சொல்லியிருந்தால் அப்போதே செய்து கொடுத்திருப்பேனே” என்றார். அப்படியே, கண் சிமிட்டாமல் சொன்னார். நான் ஷெட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் மூன்றிலும் ஜெனரேட்டர் ஏறியது. பச்சைப் பலகையை மாற்றும் காகித வேலை நான்கு மாதம் இழுத்தது. அதற்கும் வண்டி வாங்கியவர்கள்தான் அலைந்தார்கள். கம்பெனியில் விளம்பரத் தாளைப் புதிதாக அடித்தார்கள். ‘மலைக்கும் போகும், பாதியில் நிற்காது; எங்கள் புதிய கண்டுபிடிப்பு’ என்று ஜெனரேட்டரையே பெரிதாகப் போட்டார்கள். ஒளித்து வைத்ததை இப்போது நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

எனக்கு அந்த மாதத்தோடு வேலை போயிற்று. ஒத்துழைப்பு இல்லை என்று எழுதியிருந்தார்கள். இப்போது கூர்கள்ளியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் இருக்கிறேன். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் டிரைவர் அண்ணாவைப் பார்க்கும்போதெல்லாம் கொதிக்கிறது. அவரும் அங்கிருந்து விலகி ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். தங்கைக்கு ஒரு விரல் இன்னும் மடங்குவதில்லை. அவள் மகளுக்குப் போன மாதம் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டிய காது. வேறு யாரோ சித்தப்பா மடியில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள்.

“பத்திரிகையே வரலை அம்மணி” என்றார். ஸ்கூல் கேட்டுக்கு வெளியே, வேனில் சாய்ந்துகொண்டு. “போன் பண்ணுனா எடுக்கறதில்ல.”

“நான் வேணா இன்னொரு தடவை போய்ப் பேசட்டுமாண்ணா?”

“என்னத்தைப் பேசுவ? நோட்டப் படிச்சாங்கல்ல. பொய் சொன்னது யாருன்னு அவங்களுக்கும் தெரியும். ஆனா வாங்கச் சொன்ன வாய் என்னுதுதான?”

ஸ்கூல் மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவர, அவர் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.