அம்மாவுக்கு வாங்கிய சன்ஸ்கிரீன்

போன மாதம் சேரம்பாடியில் அம்மாவைப் புதைத்தோம். துக்கம் கேட்க வந்தவர்கள், "எம்பது இருக்குமா?" என்று கேட்டார்கள். அறுபத்து நான்குதான்.

அம்மா பெயர் ஞானசுந்தரி. பதினெட்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கேயும் கொழுந்துதான் பறித்தார். இரண்டாயிரமாவது ஆண்டில் தேயிலை விலை விழுந்தது. தற்காலிக ஆட்களைக் குறைக்கும் வேலை செல்லதுரை கங்காணியிடம் வந்தது. அவர் வயதுக்குக் காகிதம் கேட்கவில்லை. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் பெண்களை வரிசையாக நிறுத்தி முகத்தைப் பார்ப்பார். கிழவி என்று தோன்றினால் பெயர் போனது. நாற்பத்து நான்கு வயது அம்மாவைப் பார்த்து, "என்னா பாட்டி, ஊட்டுக்குப் போகலியா?" என்றார். அன்று பெயரை அடிக்கவில்லை; ஆட்களைக் கழிக்கும் கடைசிப் பொறுக்கல் திங்கட்கிழமை.

அம்மா கூடலூர் மருந்துக்கடையில் மூன்று கிரீம் வாங்கி வந்தார். நான் பி.பார்ம் கடைசி வருடம். பொருள் பட்டியலைப் படித்தேன். 'பத்து நாளில் பத்து வயது குறையும்' என்றதில் மெழுகு, தண்ணீர், சென்ட். இரண்டாவதன் அட்டையில் குங்குமப்பூ படம். பட்டியலில் அது இல்லை. மூன்றாவதில் முத்துப்பொடியாம். வெயிலைத் தடுக்கும் பொருள் மூன்றிலும் இல்லை. எழுதியவனுக்கு வெட்கமும் இல்லை.

"எல்லாம் குப்பைம்மா. வெயிலாலதான் இவ்ளோ சுருக்கம்."

"எங்க புள்ள வெயிலு? மூணு நாளா மூடிக்கெடக்கு."

"மூட்டத்துலயும் அடிக்கும்."

எஸ்பிஎஃப் முப்பது போட்ட சன்ஸ்கிரீன் ஒன்றை நானே தேர்ந்தெடுத்தேன்.

"திங்களுக்குள்ள முகம் மாறுமா?"

"மாறாது. இதுக்கு மேல கெடாது."

முகம், கழுத்து, கை, இரண்டு மணிக்கொரு தடவை என்று அட்டையில் இருந்ததை அப்படியே சொன்னேன். அம்மாவும் மலையில் அப்படியே செய்தார்.

பச்சைக் கொழுந்து எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பறிக்கப் போகும் பெண்கள் பூ வைப்பதில்லை, பவுடர் போடுவதில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியும். ஆனாலும் அந்த டியூபை நான் ஒருமுறைகூட முகர்ந்து பார்க்கவில்லை.

நிறுக்கும் இடத்தில் செல்லதுரை அம்மாவின் மூட்டையிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி மூக்கில் வைத்தார். "என்னா இது, கொழுந்தா, கல்யாண ஊடா?" எல்லோரும் சிரித்தார்கள். விலை கிடைக்காத வருடத்தில் வாசம் பிடித்த கொழுந்தை பேக்டரி தொடாது. மூட்டையை ஓடையில் கொட்டினார். திங்கள்வரை காத்திருக்காமல் அப்போதே பெயரை அடித்தார்.

அம்மா வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

"எதுக்கு அழுவுற? கெழவின்னா அனுப்புனான்? மணக்குதுன்னுல்ல அனுப்புனான்!"

அதன் பிறகு அம்மாவை எந்தத் தோட்டமும் எடுக்கவில்லை.