ஒற்றை மீசைப் பூரான்

ஆம்பூர்த் தோல் ஷாப்பில், தோல் பதனிட ஆவாரம் பட்டை இடித்த சவுரியம்மாளைப் பற்றி ஊர் என்னென்னவோ சொல்லும். வாய்க்காரி என்பார்கள், பிடிவாதக்காரி என்பார்கள், வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் விரட்டியவள் என்பார்கள். ஆனால் பூரான் கதையை அவளைப் போலச் சொல்ல ஆள் கிடையாது என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கட்சி இல்லை. பட்டைக் கொட்டாயில் குடியிருக்கும் அந்தப் பெரிய பூரானைப் பற்றி யாராவது கேட்டால் போதும், உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவாள்.

"மொதல்ல பார்த்தது பச்சையப்பன்தான்."

அந்தப் பெயரை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லத்தான் அவளுக்குக் கதையே வேண்டியிருந்தது. பூரானும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது!

நடந்தது இதுதான். ஜெர்மன் சண்டைக்கு நாலைந்து வருஷம் முன்னால், பச்சையப்பன் என்று ஒருவன் நெமிலிப் பக்கமிருந்து பட்டைக் கட்டு இறக்கும் வேலைக்கு வந்தான். கறுப்பாக, நெடுநெடுவென்று, எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். சவுரியம்மாள் மாதா கோயில் தெருப் பெண். அவன் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற வீட்டுப் பிள்ளை. அவளுடைய அண்ணன் ஆரோக்கியசாமிக்குத் தெரிந்தால் இரண்டு பேர் காலும் மிஞ்சாது. ஆகவே மத்தியானம் எல்லோரும் கூழ் குடிக்க மரத்தடிக்குப் போனபிறகு, கொட்டாயின் கடைசியில் கட்டுகள் அடுக்கிய மறைவில்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். பேசினார்கள் என்றே வைத்துக்கொள்வோம், நமக்கென்ன வந்தது.

ஒரு நாள் மேஸ்திரி ஆபித் பாஷா கூடை தேடிக்கொண்டு கொட்டாய்க்குள் நுழைந்துவிட்டார். இன்னும் பத்தடி வந்தால் தீர்ந்தது கதை. பச்சையப்பன் ஒரே பாய்ச்சலாக வெளியே பாய்ந்தான்.

"ஐயோ, பூரான்! மேஸ்திரி, உள்ள வராதீங்க!"

"அட, பூரானுக்காடா இந்தப் பேஜாரு? செருப்பால ஒண்ணு போட்டுட்டு வேலையப் பாரு."

"சின்னது இல்லீங்க. என் கை நீளம் இருக்குது!"

மேஸ்திரி தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். அதற்குள் தலையெல்லாம் பட்டைத் தூளாகச் சவுரியம்மாளும் பின்னாலேயே ஓடிவந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? "கையா? நல்லா பார்த்தியாய்யா நீ? அது ஒரு ஆளு காலு நீளம் இருக்கும்!" என்று ஒரே போடாகப் போட்டாள். மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. அவர்கள் இருவரும் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கவே அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அதே மறைவில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்து, இரண்டு பேருமாகப் பூரானைச் செய்து முடித்தார்கள். தலை சிவப்பு என்றான் அவன். நடந்தால் காய்ந்த தோலை மடக்குகிற சத்தம் வரும் என்றான். அவள் யோசித்து, "எடது மீசை அறுந்து போயிருக்கணும்" என்றாள்.

"அது எதுக்கு?"

"எல்லாம் சரியா இருந்தா பொய்யின்னு கண்டுபிடிச்சிடுவாங்க. ஒரு கொறை வெச்சாத்தான் நெசம் மாதிரி இருக்கும்."

"கில்லாடி நீ" என்று அவள் மூக்கைப் பிடித்து ஆட்டினான். அந்த மூக்கு அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்த விரல்களை நினைத்துக்கொண்டிருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு மாதத்தில் பூரான் கடையிலும் கிணற்றடியிலும் ஊர்ந்தது. ஜவ்வாது மலையிலிருந்து பட்டைக் கட்டோடு இறங்கியது என்றார்கள். புதையல் காக்கிற ஜின் அது என்று பக்கத்து உரலில் இடிக்கும் ஹலீமா பீ அடித்துச் சொன்னாள். காதுக்குள் புகுந்துவிடுமென்று தாய்மார்கள் பிள்ளைகளின் காதில் பஞ்சு வைத்தார்கள். எறும்பு கடித்தவன்கூடப் பூரான் கடி என்று அலறி, மருந்துக்கென்று பெண்டாட்டியிடம் கருப்பட்டி வாங்கித் தின்றான். யாரும் மத்தியானத்தில் கொட்டாயின் கடைசிக்குப் போவதில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் அது சொர்க்கமாகப் போயிற்று.

சொர்க்கம் ஒரு வருஷம் நின்றது. பிறகு பச்சையப்பன், "கோலார் தங்கவயலுக்குப் போறேன், சவுரி. அங்க யாரு இன்னா சாமி கும்புடறாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு வீடு பார்த்துட்டு வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான்.

"பாலாத்துல அடுத்த தண்ணி வர்றதுக்குள்ள வந்துடணும்."

"வந்துடறேன்."

அவளால் ஸ்டேஷனுக்குப் போக முடியவில்லை. ஜோலார்ப்பேட்டை வண்டி ஊதியபோது உலக்கையை உயரே தூக்கியபடி நின்றாள். ஹலீமா பீ, "இன்னாடி, தூங்கறியா?" என்று அதட்டிய பிறகுதான் கை இறங்கிற்று.

பாலாற்றில் தண்ணீர் வந்தது, வற்றியது, மறுபடி வந்தது. ஆரோக்கியசாமி மாப்பிள்ளைகளைக் கூட்டிவந்தான். ஒருத்தன் குடிகாரன் என்றாள், ஒருத்தனுக்குக் காது பெரிசு என்றாள், மூன்றாமவனுக்குச் சொல்ல ஒரு குறையும் கிடைக்காமல் வெறுமனே வேண்டாம் என்றாள். தங்கவயலில் சுரங்கம் இடிந்து ஆட்கள் செத்தார்கள் என்று சேதி வந்தபோது, யாருக்கென்று சொல்லாமல் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். ஏங்கினாள், வேறென்ன சொல்ல! மத்தியானமானால் கூழைக் குடித்துவிட்டு, யாரும் போகாத அந்தக் கடைசி மறைவில் போய் உட்கார்ந்துகொள்வாள். பூரானுக்கும் அவளுக்கும் ஏதோ பழக்கம், அதுதான் அவளைத் தீண்டுவதில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. யாராவது கதை கேட்டால் மட்டும் முகம் மலரும். மொதல்ல பார்த்தது பச்சையப்பன்தான். அன்றைக்கு அவளுக்கு இரண்டு படி அதிகமாக இடிக்க வரும்.

சண்டை முடிந்து, அவள் தலையில் நரை தெரியத் தொடங்கிய காலத்தில், கோலாரிலிருந்து புருஷனோடு பிழைக்க வந்த ஜெயம்மாள் என்பவள் பட்டை இடிக்கச் சேர்ந்தாள். வந்த வாரமே மரத்தடியில் உட்கார்ந்து பூரான் கதையைக் கேட்டாள். பாதிக் கதையில் தொடையில் தட்டினாள்.

"அய்யே, இது எங்க ஊரு பூரானாச்சே! மில்லுக்குப் பின்னால கரிக் கொட்டாய்ல இருக்குது. மத்தியானத்துல ஒரு ஆளு அந்தப் பக்கம் போக மாட்டான். செவந்த தலை. நடந்தா காஞ்ச தோலை மடக்குற மாதிரி சத்தம்!"

சவுரியம்மாளின் கை களி உருண்டையோடு அப்படியே நின்றது. "மீசை?" என்றாள்.

"ஒண்ணுதான்க்கா. எடது மீசை அறுந்து போச்சாம்."

இருக்கிறான்! ஆண்டவரே, உயிரோடு இருக்கிறான்! மறக்கவும் இல்லை, அவள் சொன்ன மீசைவரை நினைவு வைத்திருக்கிறான்! தன் பங்குக் கருவாட்டை எடுத்து ஜெயம்மாளின் தட்டில் வைத்தாள். "தின்னு, நல்லா தின்னு" என்றாள். பிறகு, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கிற சந்தோஷத்தோடு, "அங்க மொதல்ல பார்த்தது யாரு?" என்று கேட்டாள்.

"பச்சையப்பன்னு ஒருத்தரு. தனியா இல்லக்கா, கரி அள்ற கெங்கம்மாளும் கூட இருந்தாளாம். ரெண்டு பேரும் கொட்டாய்க்குள்ளருந்து ஒண்ணாத்தான் அலறிக்கிட்டு ஓடியாந்தாங்களாம். அப்புறம் அவளையே கட்டிக்கிட்டாரு. மூணு புள்ளைங்க. பூரான் கட்டி வெச்ச கல்யாணம்னு எங்க லைன் வீடுங்கள்ல எல்லாரும் கேலி பண்ணுவோம்."

"நம்ம பச்சையப்பனா? அவன் பின்னாலயே போயிருக்குது பாரேன் அந்தப் பூரான்!" என்று ஹலீமா பீ கையைக் கொட்டினாள். மரத்தடியே சிரித்தது. சவுரியம்மாளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள், பாவம்?

அன்றைக்கு அந்த மறைவில் போய் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கட்டிக்கொண்டான், போகட்டும். ஆம்பளைக்கு அது ஒரு பெரிய காரியமா? வராமல் இருந்தான், அதுவும் போகட்டும். ஆனால் அந்த மீசை அவளுடையது. சிவந்த தலையை அந்தக் கெங்கம்மாளுக்குக் கொடுக்கட்டும், சத்தத்தைக் கொடுக்கட்டும், அவையெல்லாம் அவன் சொன்னவை. இவள் யோசித்து அறுத்த மீசையைக் கொண்டுபோய் இன்னொருத்தியைச் சிரிக்கவைக்கக் கொடுத்திருக்கிறானே! வேறொரு பூரான் செய்துகொள்ளக்கூடவா அந்தப் பாவிக்குத் தெரியவில்லை? பிறகு அழுகை வந்தது. மத்தியான வேலைக்கு மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பூரான் பயத்தில் அவளைத் தேடி யாரும் உள்ளே வரவும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் கதை கேட்டார்கள். சவுரியம்மாள் உலக்கையைச் சாத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல பார்த்தது நான்தான்."

"இன்னாடி இது, பச்சையப்பன்னுதானே சொல்லுவ?" என்றாள் ஹலீமா பீ.

"அவன் எங்க பார்த்தான்? நான் மட்டும்தான் பார்த்தேன்."

"அந்த அறுந்த மீசை?" என்று கேட்டாள் ஜெயம்மாள்.

"அது கோலார் பூரானுக்கு. நம்மளுதுக்கு ரெண்டு மீசையும் இருந்துச்சு. ஒரு கொறையும் கெடையாது."

கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். "போக்கா, பொய்யி சொல்ற நீ!"

சவுரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆமாம்மா, பொய்யிதான்" என்று சொல்லிவிட்டு உலக்கையை எடுத்தாள்.