மெஷினைப் பார்க்க ஓர் அனுமதி

இலவச சட்ட உதவியில் வக்கீல் இலவசம், மனு இலவசம், பெரிய செலவுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். பிளஸ் டூ முடித்த கையோடு ஓசூரில் ஒரு வக்கீல் மேடத்திடம் டைப் அடிக்கச் சேர்ந்தவள் நான். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். அந்த வாயால் நடந்த கூத்து ஒன்று இருக்கிறது, வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் அனுமதிக்கு எழுதிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் என் இனத்தவரே, உங்களுக்குக் காத்திருக்கச் சொல்லித்தரவா வேண்டும்? சிரிப்பு கடைசியில்தான்.

மூன்று கொட்டேஷன்

செல்லப்பாண்டி அண்ணன் விருதுநகர் பக்கத்து ஆள். இங்கே ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் அவர் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. அவருடைய கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிவிட்டது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சார் வேலை செய்யவில்லை என்கிறார் அண்ணன். வெளி இன்ஜினியர் ஒருவர் மெஷினைப் பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அவருடைய கட்டணத்தைச் சட்ட உதவிக் குழு தரும். ஆனால் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி அனுப்பி, அனுமதி கிடைத்த பிறகுதான்.

தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் குழைந்து பார்த்தேன். நாற்பது வயது ஆம்பளைக் குரலிலும் கேட்டேன். மூன்று பேர் தேறுவதற்குள் பத்துப் பேர் கையை விரித்தார்கள். அதில் ஒருவர் சொன்னது: “மெஷின் மேல தப்புன்னு எழுதிடலாம் சார். அப்புறம் எந்தக் கம்பெனியோட கேட்டு எனக்குத் திறக்கும்?”

சனிக்கிழமை

சனிக்கிழமைதோறும் அண்ணன் வந்துவிடுவார். போன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவருடைய சூப்பர்வைசர் மாதிரி, “பாண்டி, புரொடக்‌ஷன் ஏறலையே!” என்று கத்தினேன். அண்ணன் துள்ளி எழுந்துவிட்டார். அடுத்த வாரம் அவரே கேட்டார், “இன்னொருக்கா அந்தாளு மாதிரிப் பேசு தங்கச்சி. ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு காலு பரபரங்குது.”

விரல்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானே கேட்டதற்குச் சொன்னார்: “காசு எப்ப வேணா வரட்டும். என் தப்பு இல்லைன்னு ஒரு தாளு வேணும். ஊருக்குக் கொண்டுபோயி எங்கய்யாகிட்டக் காட்டணும்.”

கெடு

ஏழு மாதம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பார்க்காவிட்டால் கம்பெனி மெஷினை மாற்றிக்கொள்ளலாம் என்று கோர்ட் கெடு வைத்தது. இன்ஜினியர் கட்டணமோ எங்கள் ஆபீஸின் ஆறு மாத வாடகைக்குச் சமம், கையிலிருந்து போட முடியாது. மேடம் கிருஷ்ணகிரி சட்ட உதவி ஆபீஸ் சூப்பிரண்டுக்குப் போன் போட்டு, இன்ஜினியரை இப்போதே வரச்சொல்லி அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா என்று கெஞ்சினார்.

சூப்பிரண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கனைப்பவர். “க்கும்... அனுமதிக்கு முன்னாடி குடுத்தா அது செலவுல சேராதும்மா, தர்மத்துலதான் சேரும்.”

ஜெராக்ஸ் கடை

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை, வாடிய முகம் இரண்டையும் பார்க்கப் பொறுக்காமல் கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஆபீஸ் லேண்ட்லைனுக்குப் போன் போட்டேன். நம்பர் காட்டாத பழைய போன். “க்கும்... அனுமதி ஆயிடுச்சும்மா!”

மேடம் போட்ட கூச்சல் தெருவரை கேட்டது. சிரித்துக்கொண்டே மேலே ஓடினேன். அண்ணன் ஜன்னல் கண்ணாடியில் பார்த்து இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தார், மெஷினைப் பார்க்கப் புறப்படுகிற மாதிரி. “நான்தான்!” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சீப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேடம் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: “என்கிட்ட என்ன வேணா விளையாடு. அவர் ஏங்கிக் கெடக்கறதுல விளையாடாத.”

புதன்கிழமை

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு கட்டுக் காகிதத்தோடு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், மேடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். “போதும்டி! இன்னும் ஒருதரம் கனைச்சே, வேலையை விட்டே அனுப்பிடுவேன். கீழதானே இருக்கே? மேல வாடி!”

நான் உள்ளே போய் நகல்களை மேஜையில் வைத்தேன். ரிசீவரிலிருந்து குரல் நிற்காமல் வந்தது. “க்கும்... கிருஷ்ணகிரியிலேர்ந்து மேல வர்றதுன்னா ஒரு மணி நேரம் ஆகுமேம்மா. அனுமதியில கையெழுத்தாயிடுச்சு, நாளைக்கே இன்ஜினியரை அனுப்புங்க.”

ஏழு மாதம் ஏங்கிக் கேட்ட அனுமதி காதில் வந்து விழுந்தபோது, ரிசீவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த மேடத்தின் வாயில் வந்த நன்றி இவ்வளவுதான்: “சார்... நிஜமாவே நீங்கதானா?”