ஏழு நாழி விண்ணெண்ணெய்

சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில், சந்திரனுக்குப் போய்வருவதைப் பற்றிய தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. எழுதியவர் தம் பெயரைப் போடுவதில்லை. பெயருக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அது அவருக்கு நல்லதாயிற்று. பெயரும் ஊரும் தெரிந்திருந்தால் தலைமன்னாரில் கப்பலேறி நேரில் போய் ஒரு கேள்வி கேட்டிருப்பேன்.

கதை இதுதான். மூன்று பேர் ஒரு விமானத்தில் சந்திரனுக்குப் போகிறார்கள். விமானம் விண்ணெண்ணெயில் ஓடுகிறது. மண்ணெண்ணெய் மண்ணிலிருந்து வருவது. விண்ணெண்ணெய், வானத்திலிருந்து விழுந்த ஒரு கருங்கல்லைக் காய்ச்சி வடித்தது. அப்படிப்பட்ட கல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. அதையும் காய்ச்சி முடித்துவிட்டார்கள். பீப்பாயில் இருப்பது தீர்ந்தால் திரும்பி வர வேறு வழியில்லை. மற்றத் தொடர்கதைகளில் கதாநாயகி என்ன ஆவாளோ என்று வாசகர்கள் ஏங்குவார்கள். நாங்கள் ஒரு தகரப் பீப்பாய்க்காக ஏங்கினோம்.

நாங்கள் நாலு பேர். கண்டிச் சந்தைக்குப் பின்புறச் சந்தில் ஒரு தையற்கடை இருந்தது. கடைக்காரர் அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம். எல்லாரும் அவரை நானா என்போம். பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர் அவரே. ஆனால் அவர் படித்தது அரபுத் தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழ். அச்சுத் தமிழ் அவருக்கு ஓடாது. சனிக்கிழமை பின்னேரம் நான் உரக்க வாசிப்பேன், அவர் துணி வெட்டிக்கொண்டே கேட்பார். ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வேலை முடிந்து வந்து சேர்வார். தோட்டத்து லொறிச் சாரதி ஒருவர், கடைச் சாமான்கள் ஏற்றி முடியும்வரை எங்களோடு இருப்பார்.

நான் ஒரு பிரக்கிராசி கந்தோரில், அதாவது வக்கீல் அலுவலகத்தில், காணி உறுதிப் பத்திரம் எழுதுகிறவன். அம்பிட்டியவில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். கிழக்கு எல்லை, மேற்கு எல்லை என்பதைத் தவிர என்னோடு பேச யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசியது அந்தத் தையற்கடை வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துதான்.

மார்கழி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வாசித்த அத்தியாயம் இப்படி முடிந்தது: "'இனி ஏழு நாழிதான்' என்றான் தலைவன். மற்ற இருவரும் பீப்பாயைப் பார்த்தனர்."

பத்திரிகையை மடித்து வைத்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. டிக்கட்காரர் முதலில் பேசினார்.

"அப்ப தப்பியிட்டினம். போகேக்க ஆறு படி முடிஞ்சது எண்டு போன கிழமை வாசிச்சனீர். நாழியும் படியும் ஒண்டு. ஏழு இருக்கு. வந்து சேர்ந்து ஒரு படி மிஞ்சும்."

"நாழி என்றால் நேரம்," என்றேன் நான். "இன்னும் ஏழு நாழிகை ஓடத்தான் எண்ணெய் இருக்கிறது. மூன்று மணி நேரம்கூட இல்லை. போவதற்கே நாலு நாள் பிடித்தது."

"நேரம் எண்டால் நாழிகை எண்டு எழுதியிருப்பான். தமிழ் தெரிஞ்சவன் வாலை வெட்டான்."

"எண்ணெயென்றால் படி என்று எழுதியிருப்பார். இதுவரை படி என்றுதானே எழுதிவந்தார்? ஒரே உறுதியில் ஒரே பொருளுக்கு இரண்டு சொல் போட்டால் வழக்கு வரும்."

"உது உறுதியில்லைக் காணும், கதை. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி எழுதினால் வாசிக்கிறவனுக்கு அலுக்கும். அதோட உம்மட கந்தோரில நிலத்தையே நெல்லால அளக்கிறியள். நீர் அளவையைப் பற்றிக் கதைக்கிறீர்."

இது என்னைக் குத்தியது. கண்டிப் பக்கத்து உறுதிகளில் வயலின் பரப்பை 'இத்தனை அமுணம் நெல் விதைப்பு' என்று எழுதுவது வழக்கம். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்பதற்குள் சாரதி குறுக்கே வந்தார்.

"நாழின்னா நேரந்தாங்க. எங்க லயத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா கிளாக்கையா, எண்ணெ எதுக்குங்க? திரும்பி வர்றது இறக்கந்தானே. கடுகண்ணாவை இறக்கத்துல நான் எஞ்சினை அமத்திட்டு உருட்டிக்கிட்டுத்தான் போறேன். தொரைக்குத் தெரியாது."

"சந்திரனில நிண்டு பார்த்தால் பூமி மேலதான் தெரியும்," என்றார் டிக்கட்காரர்.

சாரதி தம் கையைக் கீழ்நோக்கிச் சரித்துப் பார்த்து, பிறகு மேல்நோக்கித் திருப்பினார். "அப்ப ஏத்தம். செத்தானுங்க."

அடுத்த வாரம் பதில் வரும் என்று இருந்தேன். அடுத்த வாரம் சந்திரமண்டலத்துப் பெண்களின் நகைகளைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. அதற்கு அடுத்த வாரம் கடலில் புயல், கப்பல் தாமதம், பத்திரிகையே வரவில்லை. பிந்தி வந்த இதழில் மூவரும் ஒரு விலங்கை வேட்டையாடினார்கள். எண்ணெயைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. வேட்டையாடுகிறவனுக்கு வீடு திரும்பும் கவலை இருக்க வேண்டாமா? வாசிக்கும்போதே எனக்குக் குரல் ஏறியது.

கதை நகராததால் எங்கள் சண்டை பெருத்தது. ஒரு சனிக்கிழமை, கோட்டு அளவு பார்க்க வந்த ஒருவர், ஒரு கை மட்டும் பொருத்திய கோட்டோடு அரை மணி நேரம் நின்றார். நானாவும் ஊசியைக் கையில் பிடித்தபடி எங்கள் பக்கமே திரும்பி நின்றார். வந்தவர் கோபித்துக்கொண்டு குண்டூசியெல்லாம் குத்தியிருந்த கோட்டோடு வெளியே போய், பிறகு குத்து தாங்காமல் திரும்பி வந்து கழற்றி எறிந்துவிட்டுப் போனார்.

நானா ஊசியைக் கீழே வைத்தார்.

"இந்தா கேளுங்க. நோன்புக்குத் தலப்பிற பாக்க இன்னும் ரெண்டு சனிதான் ஈக்குது. பொறகு பெருநாள் தையல் வந்திடும். அதுக்கு முன்னால இந்த நாழிய முடிச்சிக்கோங்க. முடியாட்டி பேப்பரயும் நிப்பாட்டுவன், வாங்கையும் உள்ள எடுத்திடுவன்."

அவர் சொன்னால் செய்கிறவர். எனக்குப் பயம் வந்தது. வாங்கு போனால் சனிக்கிழமையும் மற்ற நாட்களைப் போலாகிவிடும். ஆகவே ஒரு முறை வகுத்தேன். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது; மூவரும் தத்தம் நியாயத்தைச் சொன்னபின் நானா தீர்ப்புச் சொல்வார்; தீர்ப்பை எல்லாரும் ஏற்க வேண்டும். டிக்கட்காரர், "ஓம், நீதவான் நல்லவர்," என்று சம்மதித்தார்.

முதலில் நான் பேசினேன். பின்பு டிக்கட்காரர். சாரதி, ஏற்றமா இறக்கமா என்று முடிவாகாமல் தம்மால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நானா மூவரையும் பொறுமையாகப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டு விளங்கல்ல. போறதுக்கு நாலு நாள். கையில ஏழு நாள் ஈக்குது. மூணு நாள் மிச்சம். இதுக்கு ஏன் சண்ட?"

"எந்த ஏழு நாள்?" என்றேன்.

"நீங்கதானே வாசிச்சீங்க கிளாக்கர். ஏழு நாளி, ஏழு நாளி எண்டு. நான் அண்டைக்கே எழுதிட்டன்."

வெட்டு மேசையின் ஓரத்தை அவர் காட்டினார். சுண்ணக்கட்டியால் அரபு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. 'ஏழு நாள்' என்று அவரே வாசித்துக் காட்டினார். இத்தனை வாரமும் அந்த மூவருக்காக ஒரு கவலையும் படாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

டிக்கட்காரர் இருமல் வரும்வரை சிரித்தார். "பாரும், அவையளுக்கு ஏழு நாள் எண்ணெய் குடுத்தது கல்லு இல்லை, உம்மட நாக்கு. முதல்ல ழகரத்தைச் சொல்லப் பழகும், பிறகு அர்த்தம் சொல்லலாம்."

"அப்ப என் தீர்ப்பு ஏழு நாள்," என்றார் நானா. யாரும் ஏற்கவில்லை. என் முறையும் அத்தோடு போயிற்று.

கடைசிச் சனிக்கிழமை வந்த இதழில் கதையின் தலைப்புக்குக் கீழே 'நிறைவு' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் டிக்கட்காரர்கூட வாங்கின் நுனிக்கு நகர்ந்து வந்தார். சாரதி, லொறியில் சாமான் ஏற்றிய பிறகும் போகாமல் நின்றார். நான் ழகரத்தைக் கவனமாக உச்சரித்து வாசித்தேன். மூவரும் விமானத்தில் ஏறுகிறார்கள். இருந்த ஏழு நாழியும் எங்கே போயிற்றென்று சொல்லாமலே, பீப்பாய் காலி. தலைவன் தலையில் கைவைத்து உட்காருகிறான். அப்போது அவன் கால் எதிலோ இடிக்கிறது. குனிந்து பார்த்தால், கதிரைக்கு அடியில், முதல் நாளே ஏற்றி வைத்து மறந்துபோன இன்னொரு பீப்பாய் விண்ணெண்ணெய். வாய்வரை நிறைந்திருக்கிறது. மூவரும் சுகமாக ஊர் வந்து சேர்ந்து, ஒருவன் கலியாணமும் செய்துகொள்கிறான்.

அந்த இன்னொரு பீப்பாய் வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

"ஒரே ஒரு கல்லுன்னாங்களே?" என்றார் சாரதி.

டிக்கட்காரர் பத்திரிகையை வாங்கி, மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே தலைவலித் தைலத்துக்கு விளம்பரம் இருந்தது. "கள்ளன்," என்று மட்டும் சொன்னார்.

"அந்த ஆளுக்கே கணக்கு இல்ல," என்று நானா துணியைப் பிரித்தார். "சரி. முடிஞ்சிட்டுதானே."

முடிந்துதான் விட்டது. நோன்பு வந்தது, பெருநாள் தையலும் வந்தது. சந்தா நின்றது. ஆனால் வாங்கை நானா உள்ளே எடுக்கவில்லை. பெருநாளுக்குப் பிறகு மூவரும் அதில் போய் உட்கார்ந்தோம். மழையைப் பற்றிச் சொன்னோம். தேயிலை விலை விழுந்ததைப் பற்றிச் சாரதி சொன்னார். எண்ணெயைப் பற்றிப் பேச வாயெடுத்தால் அந்த இரண்டாவது பீப்பாய் குறுக்கே நின்றது. மறந்து வைத்த பீப்பாய் ஒன்று இருக்கும் கதையில் எதை எப்படி அளந்தால் என்ன? இரண்டு சனிக்கிழமை அப்படிப் போயிற்று. பின்பு சாரதி சாமான் ஏற்றியதும் புறப்பட்டுவிடுவார். டிக்கட்காரர் வேலை நேரம் மாறிவிட்டது என்றார். நான் மட்டும் சிறிது காலம் போனேன். நானா அன்பாகத்தான் இருந்தார். ஆனால் அவர் வெட்டிக்கொண்டிருப்பார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில மாதங்கள் கழித்து ஓர் உறுதிக்குக் கையெழுத்து வாங்கப் பிலிமத்தலாவைக்குப் போக வேண்டியிருந்தது. டிக்கட் கூண்டுக்குள் எங்கள் டிக்கட்காரர்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிலிமத்தலாவை என்றேன். டிக்கட்டை எடுத்தவர் கொடுக்காமல் விரலுக்கிடையில் வைத்துக்கொண்டார்.

"படிதான். என்ன?"

"இல்லை," என்றேன். "மூன்று காரணம் சொல்கிறேன். முதலாவது..."

எனக்குப் பின்னால், மூட்டையோடு நின்ற ஒரு தோட்டத்து அம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"சட்டுனு வாங்குங்க சாமி. நாழியாகுது, ரயிலு கூவிருச்சு."

நான் டிக்கட்காரரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது.

"அது பேச்சு," என்றார் அவர், டிக்கட்டைத் தள்ளியபடி. "நான் கேட்டது எழுத்து. அடுத்த ஆள் வாங்கோ."

நான் ஓடிப்போய் ரயிலில் ஏறினேன். மூன்று காரணங்களையும் பிலிமத்தலாவை வரைக்கும் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.