ஆந்தையின் பகல் தூக்கம்

மருத்துவக் கல்லூரி விடுதியில் அவளுக்கு ஆந்தை என்று பேர். அங்கே அது வசவல்ல, பட்டம். யார் குறைவாகத் தூங்கினார்கள் என்பதில்தான் அவர்களுக்குள் போட்டியே. அம்மாவும் போனில் அதையே ஓதுவாள்: "தூங்குறவன் கன்னு கடாக்கன்னுடி, அசந்தா நஷ்டம் நமக்குத்தான். படிச்சு முடிச்சிட்டு ஆயுசுக்கும் தூங்கிக்கோ."

அன்று காலை வார்டில் தேர்வு. புதிதாகச் சேர்ந்த நோயாளியை விசாரித்துப் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும். தவறினால் அந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். அவளுக்கு வாய்த்தவர் சலூன் கடைக்காரர், வயதானவர். நடந்தால் மூச்சு வாங்குகிறதாம். ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். கடைசியாக, "தூக்கம் எப்படிங்கய்யா?"

அவர் பதில் சொல்லத் தொடங்கியது காதில் விழுந்தது. அப்புறம் கேட்டது பேராசிரியரின் செருமல்தான்.

"சொல்லும்மா. தூக்கமெல்லாம் எப்படி இவருக்கு?"

வாய் முந்திக்கொண்டது. "நல்லாத் தூங்குறார் சார்."

பெரியவர் அவளை ஒருகணம் பார்த்தார். "ஆமாங்க. நல்லாத் தூங்குறேன்."

"அப்ப வயசானா வர்ற மூச்சிரைப்புதான். வீட்டுக்கு அனுப்பலாம்."

தப்பித்தோம் என்று நிமிர்ந்தவள் அப்போதுதான் கண்டாள், பெரியவரின் முதுகுக்குப் பின்னால் தலையணைகள் மலைபோல் அடுக்கியிருந்ததை. ஐயோ! படுத்தால் மூச்சு முட்டுகிற மனிதர்! இதயம் தளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

"சார்! நான் பொய் சொல்லிட்டேன். அவர் சொல்றப்ப... நான் தூங்கிட்டேன்."

"ஆந்தைன்னா பகல்லதானடா தூங்கும்!" பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது அவளுக்கு.

பேராசிரியர் பெரியவரை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். படுத்த வேகத்தில் திணறிக்கொண்டு எழுந்தார் அவர். பேராசிரியரின் முகம் மாறியது.

"இவரை எங்கேயும் அனுப்பக் கூடாது. நீ அடுத்த வருஷம் வா."

எல்லோரும் நகர்ந்த பிறகு, பெரியவரின் முகத்தைப் பார்க்கக் கூசித் தலையணைகளைச் சரிசெய்தாள்.

"ஏங்கய்யா எனக்காகப் பொய் சொன்னீங்க? உயிர் போயிருக்குமே!"

"என் கடை நாற்காலில தூங்குறவங்கள எழுப்புற பழக்கமே எனக்கு இல்ல பாப்பா. எழுப்பினா பாவம்." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "நான் உக்காந்து தூங்குறது வியாதின்னு கண்டுபிடிச்சிட்டீங்க. நீயும் உக்காந்துதானே தூங்குற. உனக்கு என்ன வியாதி?"

வெள்ளைக் கோட்டின் பையில் போன் அதிர்ந்தது. அம்மா.

"என்னடி, பாஸா?"

கோட்டின் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"தூங்கிட்டேம்மா."