கடலோரத்தில் ஒரு தடவை கூப்பிட்டேன்

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால், ஜொகூரில் பொந்தியான் பக்கம் கடலோரத்தில், கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமம் ஒன்றில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நாங்கள் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். லயத்து வரிசை வீட்டில் ஒரே அறை. அதில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாங்கள். நடுவில் கட்டிய பழைய சேலைதான் சுவர். வீட்டுக்காரரோடு நான் வாய்விட்டுப் பேசியதே கிடையாது. அவருக்கும் கூச்சம், எனக்கு அதைவிடக் கூச்சம்.

அந்த வருடம் இலை உதிர்ந்த நேரத்தில் துரை மரங்களுக்கு ஓய்வு விட்டார். மரத்துக்கு ஓய்வென்றால் எங்களுக்கும் ஓய்வுதான். தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுக்கு விறகு கொண்டுவரும் மலாய் வண்டிக்காரர் இவருக்குச் சிநேகிதர். தன் வீட்டுக்கு வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டார். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாமனார்தான், "போய்ட்டு வரட்டும் விடு, சின்னஞ்சிறுசுங்க" என்றார்.

நான் தோட்டத்திலேயே பிறந்தவள். கடலைப் பார்த்ததில்லை. வண்டிக்காரருடையது தென்னைகளுக்கு நடுவே மரக்கால்களில் நின்ற பலகை வீடு. அதன் வாசலில் இறங்கினால் மணல். மறுநாள் விடியுமுன்னே, தோட்டத்தில் பெரட்டுக்குப் போய் ஆள்கணக்குக் கொடுக்கிற நேரத்துக்கு, பழக்கத்தில் எழுந்து தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை. துடைப்பத்தை எடுத்து வாசலைக் கூட்ட ஆரம்பித்தேன். வண்டிக்காரரின் மனைவி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, "டூடோக் லா!" என்றார். அவரை நாங்கள் மாக்சிக், அதாவது சின்னம்மா, என்று கூப்பிட்டோம்.

"உக்காரச் சொல்றாங்க" என்று இவர் சிரித்தார்.

"உக்காந்து?"

"சும்மா இரு, புள்ள. அதுக்குத்தானே வந்தோம்."

சும்மா இருக்கவும் பழக வேண்டியிருந்தது. சாயங்காலங்களில் கவிழ்த்துப் போட்ட படகில் உட்கார்ந்து, மாக்சிக் பொரித்துக் கொடுக்கும் வாழைப்பழத்தைத் தின்றோம். இவருக்கு இடிக்குப் பயம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லாதே என்றார். "ஏங்க, அங்க பாருங்க" என்று நண்டையும் கொக்கையும் காட்டி நான் அடிக்கடி கூப்பிடும் அளவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

அந்த நாட்களில் அங்கே மதியத்துக்குமேல் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும். சேற்று மணலில் சிப்பி பொறுக்கலாம். ஒரு நாள் இவர் கூடையோடு தனியாகப் போனார். பொறுக்கிக்கொண்டே தூரத்துக்குப் போய்விட்டார். நான் மாக்சிக்கோடு வாழைப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்த மாக்சிக் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

கடல் வருவதென்றால் முன்னாலிருந்துதான் வரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அங்கே அப்படியில்லை. கரையை ஒட்டிய பள்ளத்தில் முதலில் தண்ணீர் ஏறும். இவர் நின்ற இடம் மேடு. முதுகுக்குப் பின்னால் பள்ளம் நிறைவது அவருக்குத் தெரியவில்லை. நீந்தவும் தெரியாது. மாக்சிக் சிறு படகை அவிழ்க்க ஓடிக்கொண்டே, கூப்பிடு, கூப்பிடு என்று மலாயில் கத்தினார்.

"ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்து, கூடையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். இன்னொரு நண்டு என்று நினைத்திருப்பார். மறுபடி குனிந்துகொண்டார். "தண்ணி வருதுங்க!" என்றது காற்றில் போய்விட்டது.

எங்களில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என் அம்மா வளர்த்தாள். தோட்டத்தில் பெயர் பதியக் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் எனக்காகச் சொல்லுவாள். பள்ளத்தில் தண்ணீர் பளபளத்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது கூடையை எறிந்துவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார். பள்ளத்தில் நெஞ்சளவு தண்ணீர், கால் தடுமாறியது. மாக்சிக் படகிலிருந்து நீட்டிய கழியைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

"யாரு புள்ள செத்தா?" அதுதான் முதலில் கேட்டார். "நீ பேரச் சொல்லிக் கூப்புடவும் என் உசுரே போச்சு."

"நீங்கதான் சாகப் பாத்தீங்க" என்று அவர் ஈரக் கையில் ஓர் அடி வைத்துவிட்டு அழுதேன். திரும்பிப் பார்த்தார். பள்ளம் கடலாகியிருந்தது. பிறகு மெதுவாக, "பேரச் சொல்லிட்டியே" என்றார்.

"அத்தைகிட்ட சொல்லிராதீங்க."

அதுவரை இவரைத் தம்பி என்று கூப்பிட்ட மாக்சிக், அன்று சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது நான் கத்தியதைப் போலவே பெயரைச் சொல்லிக் கத்தினார். வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மிச்ச நாட்களில் இவர் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டு, "இப்பக் கூப்புடு பாக்கலாம்" என்பார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டுவேன். லயத்துக்குத் திரும்பியதும் அந்தப் பேச்சு நின்றுபோனது. அவர் ஆயுசு ஒன்றும் குறையவில்லை. பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துவிட்டுத்தான் போனார். ஆபத்து எதுவும் இல்லாத அந்தச் சாயங்காலங்களில் ஒன்றில், அவர் கேட்டபோது, சும்மாவாவது இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.